கறுப்பு அரைஞாண்

ராஸ் அல் கைமா
22 ஏப்ரல் 2003

அன்புள்ள அண்ணனுக்கும் இன்பமணி அண்ணிக்கும் எப்சிபா எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகமாயிருக்கிறேன். அண்ணியின் முட்டுவலி எப்படி இருக்கிறது? ஈஸ்டர் அன்றும் ட்யூட்டிதான், ஆராதனைக்குப் போக முடியவில்லை. டிவியைத் திறந்தால் பாக்தாத். அம்மா போனில், "சண்டை உனக்க ஆசுபத்திரிக்குப் பக்கமா பிள்ளே?" என்று கேட்கிறாள். தூரம் என்றால் நம்பமாட்டேன் என்கிறாள்.

ஹாஸ்டல் போன் மேட்ரன் மேசையில் இருக்கிறது. அங்கே நின்றுகொண்டு குடும்ப விஷயம் பேச முடியாது, அதனால்தான் கடிதம்.

எங்கள் பிள்ளைகள் வார்டுக்கு ஒரு புது ஆள் வந்திருக்கிறான். இரண்டு வாரத்துக்கு முன் பள்ளிவாசல் படியில் துண்டில் சுற்றிக் கிடந்தானாம். அதிகாலைத் தொழுகைக்கு வந்தவர்கள் எடுத்துப் போலீசில் கொடுக்க, போலீஸ் எங்களிடம் விட்டுவிட்டுப் போய்விட்டது. என்னா சத்தம் அண்ணா! பக்கத்து வார்டுக்கே கேட்கும். தொட்டில் அட்டையில் பெயருக்குரிய இடத்தில் "மஜ்ஹூல்" என்று எழுதியிருக்கிறார்கள். என் ரூம்மேட் ரினி அதுதான் பெயர் என்று நினைத்து "மஜு, மஜு" என்று கொஞ்சுகிறாள். உண்மையில் அதற்கு என்ன பொருள்?

கேட்டில் வாட்ச்மேன் மக்தூம் இருக்கிறார். இந்த ஊரிலேயே பிறந்தவர், ஆனால் பாஸ்போர்ட் கிடையாது. பிதூன் என்று சொல்வார்களே, அந்த ஆளுகள். பிள்ளையைப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்: "இவன் அதிர்ஷ்டக்காரன் சிஸ்டர். தாய் தகப்பன் யாரென்று தெரியாத பிள்ளை இந்த நாட்டுப் பிள்ளை, அதுதான் சட்டம். எனக்கு அப்பா பெயரும் தெரியும், தாத்தா பெயரும் தெரியும். அதனால் எனக்கு ஒன்றும் இல்லை." அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பதில் போடுங்கள். உங்கள் புத்தகம் முடிந்த பிறகு போடலாம் என்று வைத்துவிடாதீர்கள்.

அன்புத் தங்கை,
எப்சிபா

*

சலாலா
3 மே 2003

அன்புத் தங்கை எப்சிக்கு,

நானும் உன் அண்ணியும் நலம். முட்டுவலியும் நலமாக, நல்ல வளர்ச்சியோடு இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? புத்தகத்தைக் கிண்டல் செய்கிற அளவுக்குத் தெம்பு இருப்பதால் சாப்பிடுகிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

மஜ்ஹூல் என்றால் அறியப்படாதவன். பிதூன் என்றால் "இல்லாமல்". நாடு இல்லாமல் என்று சொல்ல வந்தவர்கள் நாட்டை விட்டுவிட்டார்கள். "இல்லாமல்" மட்டும் மிஞ்சி ஒரு கூட்டத்துக்கே பெயராகிவிட்டது. பார்த்தாயா, நீ பாட்டுக்கு ஊசி போட்டுக்கொண்டு என் புத்தகத்துக்கு ஒரு பக்கம் தந்துவிட்டாய்!

இந்த மக்கள் கூட்டங்களுக்கெல்லாம் பெயர் எப்படி வந்தது என்று ஏழு வருடமாகத் தேடியதில் நான் கண்டது ஒன்றுதான். தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட கூட்டம் பெரும்பாலும் "மனிதர்" என்றுதான் வைத்துக்கொண்டது. பனிநாட்டு இனுயிட் என்றால் மனிதர், ஆப்பிரிக்காவின் பாண்டு என்றாலும் மனிதர்தான். மற்றதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் வைத்த பெயர். வெல்ஷ்காரனுக்கு அந்தப் பெயரை வைத்தவன் இங்கிலீஷ்காரன், பொருள் அந்நியன். சொந்த மண்ணிலேயே அந்நியன்! நாம் மட்டும் யோக்கியமா? கப்பலில் வந்த கிரேக்கனை யவனன் என்றோம். பிறகு வந்த அரபிக்கும் அதே பெயரைப் போட்டோம், அது தேய்ந்து சோனகன் ஆயிற்று. இங்கே சலாலாவில் மலைமேல் மாடு மேய்ப்பவனை ஜபாலி, அதாவது மலைக்காரன் என்கிறார்கள். அவனுக்கு அவன் வீட்டில் வேறு பெயர் இருக்கிறது, யார் கேட்டார்கள்?

உன் மஜுவுக்கும் யாரோ ஒருவர் வைப்பார். கவலைப்படாதே.

அன்புடன்,
நேசையன்

*

ராஸ் அல் கைமா
12 மே 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகமறிய ஆவல் என்று வழக்கம்போல எழுதுகிறேன், ஆனால் மனசு சரியில்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள்.

போன வாரம் ஒரு அரபி வீட்டுப் பச்சைப்பிள்ளையைத் தடுப்பூசிக்குக் கொண்டுவந்தார்கள். தூக்கி வந்தவள் வேலைக்காரப் பெண், கமுதிப் பக்கம், பெயர் மாரியம்மாள். மேடம் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மஜு அழுதான். அவள் திரும்பினாள். திரும்பிய வேகத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது அண்ணா. சட்டை இரண்டு பக்கமும் நனைந்துவிட்டது. கையிலிருந்த பிள்ளையை மார்போடு அணைத்து மறைத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை வந்தபோது தனியாகக் கிடைத்தாள். "எம் புள்ளக்கா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். மேடம் பிரசவத்துக்குத் தாய் வீட்டில் இருந்த சமயம், வேலைக்காரி ரூமில் தனியாகப் பெற்றிருக்கிறாள். தகப்பன் யார் என்று கேட்டேன். "நான் வாசல் தாண்டாதவக்கா" என்றாள்.

உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஜெயில். அதோடு பிள்ளைக்கும் தாய் தெரிந்துவிடும், நாடு போய்விடும். சொல்லாவிட்டால் அவன் இந்த நாட்டுப் பிள்ளை, அவளுக்கு மட்டும் இல்லை. "எங்கயாச்சும் நல்லாருக்கட்டும்க்கா" என்கிறாள், சொல்லிவிட்டு அழுகிறாள். நான் யாரிடம் போய்ச் சொல்லுவேன்?

அவள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். முப்பது நாள் கழிந்தும் பிள்ளை இடுப்பு வெறுமையாகக் கிடக்கிறதாம். மேடத்தின் அபாயா தைக்கிற கறுப்பு நூலை முறுக்கி ஒரு அரைஞாண் செய்து கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டாள். நம் வீட்டிலும் இருபத்தெட்டாம் நாள் அம்மா கட்டினாளே, பாஸ்டர் திட்டினபிறகும் அவிழ்க்கவில்லையே. கட்டட்டுமா? இதில் ஒன்றும் தப்பில்லையே? நீங்கள் சொன்ன பிறகு செய்கிறேன். உடனே இரண்டு வரி போடுங்கள்.

எப்சிபா

*

ராஸ் அல் கைமா
2 ஜூன் 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே சுகம். வெயில் கொல்லுகிறது. உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அண்ணிக்கு உடம்புக்கு எதுவும் இல்லையே? பரீட்சைப் பேப்பர் திருத்துகிறீர்களோ என்னவோ.

நேற்று மாரியம்மாள் வந்தாள், ஊசிக்கு வந்த சாக்கில். மஜுவின் துணியை விலக்கி வெறும் இடுப்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. அவள் போனதும் பிள்ளையைக் குளிப்பாட்டிக் கட்டிவிட்டேன். என்ன பெரிய விஷயம், ஒரு நூல்தானே! கட்டி முடித்ததும் எனக்கே ஒரு நிம்மதி. இப்போதுதான் பார்க்கப் பிள்ளை மாதிரி இருக்கிறான்.

ஒரு அரபிக் குடும்பம் அவனை எடுத்து வளர்க்கக் கேட்டிருக்கிறதாம். அந்த அம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. அடுத்த வாரம் பார்க்க வருகிறார்கள். நல்ல இடமாக அமைய ஜெபியுங்கள்.

எப்சிபா

*

சலாலா
மே 20-ல் தொடங்கி ஜூன் 7-ல் முடித்தது

அன்புத் தங்கை எப்சிக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும் என்று தினமும் ஜெபத்தில் நினைக்கிறோம். உன் கடிதத்தைச் சொன்னபடி கிழித்துவிட்டேன். உன் அண்ணியிடம் மட்டும் சொன்னேன். அவள் அன்று சாப்பிடவில்லை.

பதில் தாமதம் என்று கோபிக்காதே. நீ அரைஞாணைப் பற்றிக் கேட்டாயே, அது என்னைப் பிடித்துக்கொண்டது. இங்கே நாகப்பட்டினத்துச் சாயபு ஒருவர் கடை வைத்திருக்கிறார். அவரிடம் கேட்டேன், சின்ன வயதில் தனக்கும் கட்டியிருந்தார்கள் என்றார். எங்கள் கணக்கு வாத்தியார் பாலக்காட்டுக்காரர், அவர் வீட்டிலும் உண்டு. யாழ்ப்பாணத்து டிரைவர் ஒருவரைப் பிடித்துக் கேட்டேன், "ஓமோம், கட்டுறதுதான்" என்றார். ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதி, எழுதியதை மாற்றி, இதோ இன்றுதான் முடிகிறது. என்ன அதிசயம் பார்! சாமி வேறு, சாதி வேறு, ஊர் வேறு, இடுப்பில் மட்டும் ஒரே கயிறு. பெயரை எத்தனை பேரும் மாற்றி எழுதலாம். அரேபியாவில் எந்த மூலையிலும் ஒரு பிள்ளையின் இடுப்புத் துணியை அவிழ்த்து அந்தக் கயிற்றைக் கண்டால், யாரும் சொல்லாமலேயே இது எந்தக் கடற்கரையிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். இதை என் புத்தகத்தில் தனி அத்தியாயமாகவே வைக்கப்போகிறேன்.

அதனால்தான் சொல்கிறேன் மக்ளே. கட்டாதே. எந்தக் காரணத்தைக் கொண்டும் கட்டிவிடாதே. அவன் தகப்பன் பக்கம் அந்த ஊர் ரத்தமே என்றாலும் அதைச் சொல்ல யாருக்கும் நாக்கு கிடையாது. கயிறு ஒன்று போதும், தாய் எந்த ஆளு என்று காட்டிக்கொடுத்துவிடும். மாரியம்மாளிடம் தன்மையாக எடுத்துச் சொல்.

அன்புடன்,
நேசையன்

*

ராஸ் அல் கைமா
24 ஜூன் 2003

மதிப்புக்குரிய நேசையன் அண்ணனுக்கு, எப்சியின் ரூம்மேட் ரினி எழுதிக்கொள்வது. உங்களுக்கு ஸ்தோத்திரம். பயப்படாமல் படியுங்கள்.

பிள்ளையைப் பார்க்க அந்த அரபிக் குடும்பம் வந்தது. கூட, தத்து விஷயம் பார்க்கிற அரசாங்க ஆபீஸ் அம்மாவும் வந்தார்கள். துணியை மாற்றிக் காட்டச் சொன்னார்கள். கயிற்றைப் பார்த்ததும் ஆபீஸ் அம்மா முகம் மாறிவிட்டது. இது என்ன, மந்திரமா, யார் கட்டியது என்று ஒரே கேள்வி. ஹெட் நர்ஸ், "இந்தியாக்காரங்க கட்டுறது" என்று சொல்லிவிட்டார். எப்சி முன்னால் வந்து, "நான்தான் கட்டினேன், எங்க ஊர்ல எந்தப் பிள்ளைக்கும் கட்டுவோம்" என்றாள். நான் பின்னாலிருந்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன் அண்ணா, கேட்கவில்லை.

போலீஸ் வந்து இந்தியப் பெண்களையெல்லாம் விசாரித்தது. கடைசியில் பிள்ளை எப்சியுடையதுதான் என்று சந்தேகப்பட்டுவிட்டார்கள். கல்யாணமாகாதவள் எதற்கு இவ்வளவு பாசமாக இருந்தாள் என்று கேட்டார்களாம். பாசமாக இருந்ததும் குற்றமாகிவிட்டது! டாக்டரம்மா பரிசோதித்து, பிள்ளை பெற்ற உடம்பு இல்லை என்று சொன்னார். அந்தப் பரிசோதனை முடிந்து வந்தபோது எப்சி யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு, "அப்படியானால் தாய் யாரென்று உனக்குத் தெரியும், சொல்" என்று கூட்டிக்கொண்டு போனார்கள். இன்னும் விடவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லையாம்.

அண்ணா, ஏதாவது செய்யுங்கள். எங்களுக்கு இங்கே யாரும் இல்லை.

ரினி

*

சலாலா
2 ஜூலை 2003

தங்கை ரினிக்கு,

கடிதம் கிடைத்தது. சுகம் விசாரிக்கக் கை வரவில்லை, மன்னித்துக்கொள்.

ஸ்கூல் சேர்மன் வீட்டுக்குப் போனேன். டீ கொடுத்தார். அடுத்த நாட்டு விஷயம், மாஃபி, ஒன்றும் முடியாது என்று கையை விரித்தார். மஸ்கட் எம்பசிக்குப் போன் போட்டேன், துபாய்க்குப் பேசுங்கள் என்றார்கள். துபாய் கான்சுலேட்டுக்குப் போட்டேன், உறவினர் நேரில் வரவேண்டும் என்றார்கள். நேரில் வர விசா கேட்டேன், கஃபீல், அதாவது என் ஸ்பான்சர், கையெழுத்து வேண்டும். அவர் லீவில் எகிப்து போயிருக்கிறார். எத்தனை நாட்டின் சரித்திரம் படித்தவன் நான், ஒரு எல்லையைத் தாண்ட வழி தெரியவில்லை. வெளியே மழை தூறிக்கொண்டே இருக்கிறது. ஊரெல்லாம் பச்சை பார்க்க டூரிஸ்ட் வந்திருக்கிறான். எரிச்சலாக வருகிறது.

அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க விடுகிறார்களா? மாற்றுத் துணி?

இன்னொன்று. ஜூன் ஏழாம் தேதி போட்ட என் கடிதம் எந்தத் தேதியில் வந்தது? அதை மட்டும் மறக்காமல் எழுது.

நேசையன்

*

ராஸ் அல் கைமா
19 ஜூலை 2003

மதிப்புக்குரிய அண்ணனுக்கு,

நேற்று எப்சியை ஏர்போர்ட்டுக்கே நேராகக் கொண்டுபோய் ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். வேலை போயிற்று, இனி இந்த நாட்டுக்கு வர முடியாது. ஆனால் கேஸ் இல்லை. கலாஸ் என்று முடித்துவிட்டார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். மெலிந்து போயிருக்கிறாள்.

பிள்ளைக்கு நல்லது நடந்தது. அந்த அரபி அம்மா திரும்பி வந்தார்கள். கத்திரிக்கோல் கேட்டு வாங்கித் தன் கையாலேயே கயிற்றை வெட்டினார்கள். "குழந்தை குழந்தைதான்" என்று சொல்லித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எந்த ஊர், என்ன பெயர் வைத்தார்கள், ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். சட்டமாம்.

மாரியம்மாள் மறுபடி ஊசிக்கு வந்தாள். அவள் யார் என்று எப்சி முன்பே என் காதில் மட்டும் போட்டிருந்தாள். காலித் தொட்டிலைப் பார்த்தாள். மேடம் பக்கத்தில் இருந்ததால் நான் கண்ணால் மட்டும் சொன்னேன். புரிந்ததா தெரியவில்லை.

நீங்கள் கேட்டது. உங்கள் கடிதம், எப்சியைக் கூட்டிக்கொண்டு போன அன்று மத்தியானம் வந்தது. பிரிக்காமல் அவள் பெட்டியில் வைத்து அனுப்பியிருக்கிறேன்.

ரினி

*

கருங்கல்
14 செப்டம்பர் 2003

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நான் சுகம். அம்மாவும் சுகம், இரத்த அழுத்தம் மட்டும் கூடியிருக்கிறது. இரண்டு மாதமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போனிலும் அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். என்மேல் கோபமா?

உங்கள் ஜூன் மாதக் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தேன். நல்லா எழுதியிருக்கீங்க. அந்த அத்தியாயத்தைப் புத்தகத்தில் வையுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரன்தான் பெயர் வைப்பான் என்று எழுதினீர்களே, உண்மைதான். எனக்கு இங்கே ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். "கெல்பில பிள்ளை பெத்தவ." குழாயடியில் சொல்கிறார்கள், ஜெபக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். டாக்டரம்மா சொன்னதையா இவர்களிடம் போய்ச் சொல்ல முடியும்? வந்த ஒரு சம்பந்தமும் வெட்டுவெந்நி ஜங்ஷன் தாண்டி நம் வீடு வரை வரவில்லை. அம்மா தினமும் அழுகிறாள். எனக்கு அழுகை வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

ஒரு உதவி. மாரியம்மாளின் கான்ட்ராக்ட் அடுத்த வருஷம் முடிகிறது. ரினி வழியாக என் விலாசம் வாங்கியிருக்கிறாள். வந்தால் பிள்ளைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பாள். ஊர் உலகத்துப் பெயரையெல்லாம் தேடிக் கண்டுபிடிக்கிறீர்களே, அந்த ஒரு பெயரை மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள்.

எப்சிபா

*

சலாலா
11 ஜனவரி 2004

அன்புத் தங்கைக்கு,

கோபம் இல்லை மக்ளே. உன்மேல் எனக்கு என்ன கோபம்?

விசாரித்தேன். துபாய் தேராவில் கடை வைத்திருக்கும் நம் ஊர்க்காரர் மூலம், ரினி மூலம், மக்தூம் மூலம், கடைசியில் டிசம்பர் லீவில் நானே விசா எடுத்து ராஸ் அல் கைமா போய் அந்த ஆஸ்பத்திரி வாசலிலும் நின்றேன். மக்தூம் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். அந்த வீட்டார் எந்தக் கபீலா, எந்தக் குலம் என்று அவருக்குத் தெரியும் போலத்தான் இருந்தது. கேட்டதும், "அவன் இப்போது அவர்கள் ஆள், விட்டுவிடு வாத்தியாரே" என்றார். நாடே இல்லாத மனிதர் சொல்கிறார், தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு நல்ல அரபுப் பெயராக நானே எழுதி அனுப்பிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அவள் நம்புவாள். எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். ஒரு பிள்ளையின் பெயரில் பொய் சொல்ல என்னால் ஆகவில்லை. தெரியாது என்றே சொல்லிவிடு.

வேறு எழுத ஒன்றும் இல்லை. புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டேன். உன் அண்ணி உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

நேசையன்

*

கருங்கல்
8 ஏப்ரல் 2004

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சாப்பிடுவதே இல்லை என்று அண்ணி எழுதியிருந்தார்கள். சாப்பிடுங்கள்.

மாரியம்மாள் நேற்று வந்தாள். நாலு பஸ் மாறி வந்திருக்கிறாள். நாளை பெரிய வெள்ளிக்குத் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன், வாசலில் நிற்கிறாள். அம்மா யார் என்று கேட்க, கூட வேலை பார்த்தவள் என்றேன். அம்மா சோறு போட்டாள்.

பெயர் தெரியாது என்று சொன்னேன். தலையாட்டினாள். "நல்ல வூடுதானக்கா?" என்று கேட்டாள். நல்ல வீடு, அந்த அம்மா தன் கையாலேயே தூக்கிக்கொண்டு போனார்கள் என்றேன். கயிற்றை வெட்டியதைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை, இடுப்பில் அது இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இந்த வாரம் அவனுக்கு ஒரு வயசு. பையிலிருந்து கறுப்புக் கயிற்று உருண்டை ஒன்றை எடுத்தாள். "பழசு இறுகிப் போயிருக்கும்க்கா. ஒரு வயசுப் புள்ளைக்கு எம்புட்டு வேணும்? நீங்க எத்தன புள்ளையப் பாத்தவுக" என்றாள். யாருக்கு, எங்கே கொண்டுபோய்க் கட்டப்போகிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டு கையையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினேன். அவள் அதற்குமேலும் கொஞ்சம் விட்டாள். "நல்லாச் சோறு போடுவாங்கல்ல, தொப்பை வச்சிருப்பான்" என்று சிரித்தாள். அந்த அளவுக்குப் பல்லால் கடித்து அறுத்து, முடிச்சுப் போட்டு, மடியில் செருகிக்கொண்டு பஸ் ஏறினாள்.

அடுத்த ஏப்ரலுக்கும் வருவாளாம். அப்போது எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று நான் காட்ட வேண்டுமாம்.

எப்சிபா